பட்டமும் பட்டறையும்

டாக்டர் பட்டம் பெற்று வரும் ஒருவரைத் தமிழ்ச் சமுதாயம் மனமுவந்து போற்றுகிறது. பள்ளியிலே பாராட்டுக் கூட்டம் நடைபெறும். தோளிலே பொன்னாடை விழும். நாளிதழிலே படம் வரும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிற் படித்த பிள்ளை பல்கலைக் கழகத்தின் மிக உயர்ந்த பட்டத்தைப் பெற்றது என்றால், அம்மகிழ்ச்சி ஒரு குடும்பத்தின் மகிழ்ச்சி மட்டும் அன்று. அஃது இருக்க வேண்டியதே. ஆனால், பொன்னாடையை மடித்துப் பெட்டியில் வைத்த மறுநாட் காலையில் அந்த டாக்டர் எங்கே சென்று அமர்கிறார், எந்த நூலை விரிக்கிறார், யாருடன் தம் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுகிறார் என்று உசாவுவோர் மிகச் சிலர்.

இக்கேள்வி சிறியதன்று. தமிழாராய்ச்சி வளருமா, தேயுமா என்பது பட்டமளிப்பு மண்டபத்தில் முடிவாவதில்லை. அம்மறுநாட் காலையிலேதான் முடிவாகிறது.

டாக்டர் பட்டத்திற்கென எழுதப்படும் ஆய்வேடு, ஒருவர் ஆராயக் கற்றுக்கொண்டார் என்பதற்குச் சான்று. தச்சனிடம் தொழில் பயின்ற இளைஞன் தனியே செய்து காட்டும் முதல் நாற்காலி போன்றது அது. அந்நாற்காலி செம்மையாக அமைந்திருக்கலாம். ஆயினும் அவன் தச்சன் எனப் பெயர் பெறுவது அதற்குப் பின் செய்யும் நூறு நாற்காலிகளால். அவற்றைச் செய்வதற்கு மரம் வேண்டும், உளி வேண்டும், இழைப்புளி வேண்டும், எல்லாவற்றிற்கும் மேலாக, உட்கார்ந்து வேலை செய்ய ஒரு பட்டறை வேண்டும். பட்டம் கொடுத்துவிட்டுப் பட்டறை கொடாத சமுதாயம், தொழில் கற்பித்தபின் கையைக் கட்டிவிடுவது போன்றதன்றோ?

பட்டத்திற்குப் பிந்திய ஆய்வு

மேனாட்டுப் பல்கலைக் கழகங்கள் இக்குறையை முன்னரே உணர்ந்தன. 1876இல் திறக்கப்பெற்ற அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகம், தொடங்கிய ஆண்டிலேயே இளம் ஆராய்ச்சியாளருக்கு உதவித்தொகை தந்து ஆராய வைத்தது. அவருள் சிலர் அதற்கு முன்பே டாக்டர் பட்டம் பெற்றவர். 1919இல் ராக்பெல்லர் அறநிறுவனத்தின் பொருளுதவியால், பட்டம் பெற்ற இளம் பௌதிக, இரசாயன அறிஞர்களுக்கென அங்கே தேசிய அளவில் ஓர் ஏற்பாடு பிறந்தது. பாடம் நடத்தும் சுமையின்றி ஓரிரண்டு ஆண்டுகள் ஒரு பேரறிஞரின் அருகிருந்து ஆராயலாம் என்பதே அதன் கருத்து. இன்று முனைவர் பட்டமேலாய்வு எனத் தமிழில் வழங்கும் பதவி இவ்வழியில் வந்தது.

பட்டமேலாய்வாளரின் நிலை விந்தையானது. அவர் மாணவர் அல்லர், விரிவுரையாளரும் அல்லர். அவருடைய ஊதியம் பெரும்பாலும் ஏதேனும் ஓர் ஆய்வுத் திட்டத்தின் பணத்திலிருந்து வருகிறது. ஒப்பந்தம் ஓராண்டு, ஈராண்டு என்று குறுகியது. திட்டம் முடிந்தால் பதவியும் முடிந்தது. ஆசிரியப் பதவிகளோ எல்லா நாட்டிலும் விரும்புவோரின் தொகையை நோக்கச் சிலவே. ஆகவே, ஒப்பந்தம் நடக்கும்போதே அடுத்த வாழ்வுக்கு அவர் ஆயத்தமாக வேண்டும் என்ற எண்ணம் உலகெங்கும் வலுப்பெற்றுள்ளது. பிரிட்டனில் 2008இல் உருவாகி 2019இல் திருத்தப்பெற்ற ஓர் உடன்பாடு, ஆராய்ச்சிப் பணியாளர் ஒவ்வொருவரும் ஆண்டிற்குக் குறைந்தது 10 நாட்களைத் தம் தொழில் வளர்ச்சிக்கெனச் செலவிட இடமளிக்க வேண்டும் என்கிறது. நல்கை கேட்டு விண்ணப்பம் எழுதுதல், பாடம் நடத்தப் பழகுதல், கட்டுரையை அச்சுக்கு ஏற்றதாக்குதல், பல்கலைக் கழகத்திற்கு வெளியேயுள்ள வேலைகளை அறிதல் முதலியன அப்பயிற்சியுள் அடங்கும்.

மலேசியாவும் இவ்வழியிற் பின்தங்கி நிற்கவில்லை. 2006இல் மலாயாப் பல்கலைக் கழகம் உட்பட நான்கு பல்கலைக் கழகங்களும், 2010இல் மற்றொன்றும் ஆய்வுப் பல்கலைக் கழகங்கள் என அறிவிக்கப்பட்டன. அவற்றில் பட்டமேலாய்வாளர் பதவிகள் ஏற்பட்டன. பத்தாம் மலேசியத் திட்டக் காலத்தில் (2011–2015) ‘மைபிரேய்ன்15’ என்னும் பெயரால் உயர்கல்விக்கு உபகாரச் சம்பளங்கள் வழங்கப்பட்டன. 2023ஆம் ஆண்டளவில் 60,000 டாக்டர் பட்டதாரிகள் நாட்டில் இருக்க வேண்டும் என்பது குறிக்கோள். பட்டதாரிகளின் தொகையைக் குறிக்கும் எண் இது. அவர்கள் பட்டம் பெற்றபின் ஆற்றவேண்டிய பணி யாது என்பதை எந்த எண்ணும் சொல்லாது. தமிழ்த் துறையைப் பொறுத்தவரை அக்கேள்விக்கு விடை தேடுவது தமிழர் கடமையே ஆகும். அவ்விடையை நெடுந்தொலைவு சென்று தேட வேண்டியதுமில்லை.

பந்தாய்ப் பள்ளத்தாக்கில் ஒரு முன்மாதிரி

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலிருந்து மலாயாப் பல்கலைக் கழகம் தொலைவில் இல்லை. கே.எல். சென்ட்ரலில் இலகு இரயில் ஏறும் மாணவர் நான்காவது நிலையத்தில் இறங்கினாற் போதும். பந்தாய்ப் பள்ளத்தாக்கில் அமைந்த அப்பல்கலைக் கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை தானாகக் கிடைத்த வரமன்று. 1949இல் சிங்கப்பூரில் நிறுவப்பட்ட மலாயாப் பல்கலைக் கழகத்தில் இந்தியவியல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, அதில் முதலிடம் வடமொழிக்கா, தமிழுக்கா என்ற வழக்கு மூண்டது. பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியாரிடம் ஆலோசனை கேட்கப்பட்டது; அவர் தந்த அறிக்கை வடமொழிக்குச் சார்பானது எனக் கண்ட தமிழர் கிளர்ந்தனர். கோ. சாரங்கபாணியும் அவருடைய ‘தமிழ் முரசு’ம் அக்கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கினர். தமிழே இடம்பெற்றது. 1956இல் துறை பிறந்தது. அதன் நூலகத்தை நிரப்புவதற்காகத் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரால் நிதி திரட்டப்பட்டபோது, எளிய தொழிலாளரும் தம் வருவாயிலிருந்து சிறு தொகை தந்தனர். துறை பின்னர்க் கோலாலம்பூருக்கு வந்தது.

இவ்வரலாற்றைத் தமிழாசிரியர் பெரும்பாலோர் அறிவர். அவர்கள் அத்துணைக் கருத்தூன்றிப் பாராத பகுதி இதற்குப் பின்வருவது. 1961இல் சேவியர் தனிநாயக அடிகள் அத்துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அடிகளார் அப்போது புதிய பட்டதாரி அல்லர். உரோமையில் இறையியல் பயின்றவர். அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் தமிழ் கற்றுச் சங்கப் பாட்டின் இயற்கையை ஆராய்ந்தவர். 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கில முத்திங்களிதழைத் தொடங்கியவர். பண்டைத் தமிழரின் கல்விச் சிந்தனையை ஆராய்ந்து இலண்டனில் டாக்டர் பட்டம் பெற்றவர். இலங்கைப் பல்கலைக் கழகத்தில் கல்வித் துறை விரிவுரையாளராய் இருந்தவர். அவருடைய சொந்த வாழ்வே, பட்டம் பெற்றவர் ஓரிடத்தில் தேங்காமல் பணியிலிருந்து பணிக்குச் செல்லும் வாழ்வாக அமைந்தது.

அடிகளார் கோலாலம்பூரில் செய்தவற்றை எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அவர் முதலில் சேர்த்தவை ஆராய்ச்சிக்கு வேண்டிய கருவிகள். ‘தமிழாய்வு நூல்களுக்கு ஒரு வழிகாட்டி’ எனத்தக்க ஆங்கில நூற்பட்டியை 1966இல் பல்கலைக் கழகம் வெளியிட்டது. தமிழைப் பற்றி எந்த மொழியில் எந்த நூல் உண்டு என்று தேடும் இளைஞனுக்கு அது கைவிளக்கு. அதே ஆண்டில் அந்தோம் தெ புரோயென்சா என்னும் போர்த்துக்கேயப் பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கேய அகராதி மறுபதிப்பாக வெளிவந்தது.

இவ்வகராதியின் கதை ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவரும் நினைக்கத்தக்கது. 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான அந்நூல் ஏறத்தாழப் பதினாறாயிரம் சொற்களைக் கொண்டது. அச்சில் வந்த தமிழ் அகராதிகளுள் மிகப் பழையதாகிய அதன் படியை அடிகளார் வத்திக்கான் நூலகத்தில் 1954இல் கண்டெடுத்தார். கண்டெடுத்ததோ 1954, உலகம் அதனைக் கையிலெடுத்துப் பயன்கொண்டதோ 1966. இடையிற் கழிந்த ஆண்டுகள் பன்னிரண்டு. கண்டுபிடித்தல் ஒருவரின் கூர்மையால் நிகழலாம். அதனை நூலாக்குதற்கு ஒரு துறை வேண்டும், அச்சுக்கூலி வேண்டும், மெய்ப்புப் பார்ப்போர் வேண்டும், நிலைத்த பதவி வேண்டும். அடிகளாருக்கு அவை கிடைத்த இடம் கோலாலம்பூர்.

அப்பட்டறையில் பிறரும் வேலை செய்தனர். இராம சுப்பையா கீழ்ப் பேராக்கில் வழங்கிய தமிழ்க் கிளைமொழிகளின் சொற்களை ஆராய்ந்து எழுதிய நூல் 1966இல் துறையின் வெளியீடாக வந்தது. தோட்டத்துத் தொழிலாளியின் வாய்ச்சொல் பல்கலைக் கழக ஆராய்ச்சிக்குரிய பொருள் என்பதை அச்சிறு நூல் நிலைநாட்டியது. அவரே தொகுத்த ‘தமிழ் மலேசியானா’ 1969இல் பல்கலைக் கழக நூலகத்தின் வெளியீடாக வந்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளியான தமிழ் நூல்களையும் இதழ்களையும் அது பட்டியலிட்டது. இந்நாட்டுத் தமிழிலக்கியத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் இன்றும் அதனைப் புறக்கணிக்க இயலாது.

சின்னப்பா அரசரத்தினத்தின் வாழ்வு இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. யாழ்ப்பாணத்தவராகிய அவர் இலண்டனில் டாக்டர் பட்டத்திற்காக ஆராய்ந்தது, 1658 முதல் 1687 வரை இலங்கையில் ஒல்லாந்தரின் ஆட்சி. அவ்வாய்வு 1958இல் நூலாயிற்று. அதனோடு நின்றிருந்தால் ஒல்லாந்தர் காலத்து வல்லுநர் என்ற பெயர் மட்டுமே அவருக்கு எஞ்சியிருக்கும். 1960களில் மலாயாப் பல்கலைக் கழகத்து இந்திய ஆய்வியல் துறைக்கு அவர் வந்தார். பின்னர் வரலாற்றுத் துறைப் பேராசிரியரானார். இங்கே அவரைச் சுற்றியிருந்த மக்கள் அவருக்குப் புதிய கேள்வியைத் தந்தனர். ‘மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்தியர்’ என்னும் பொருள் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1970இல் வெளிவந்தது. பின்னர் ஆஸ்திரேலியா சென்றபோதும் ஆய்வு நிற்கவில்லை. சோழமண்டலக் கரையின் வணிகர்களைப் பற்றிய பெருநூல் 1986இல் வந்தது. பட்டத்திற்கு எழுதிய பொருள் ஒன்று. பதவி தந்த பொருள் மற்றொன்று. இரண்டும் கூடி விளைத்த பொருள் மூன்றாவது. ஆராய்ச்சியாளரின் தொழில் வளர்ச்சி என்பது இதுவே. பதவியின் பெயர் மாறுவதும் ஊதியம் உயர்வதும் அதற்குத் துணை நிற்பனவே.

மாநாடு நிலைத்தது, பட்டறை?

அடிகளாரின் பெயரைக் கேட்டதும் தமிழர் நினைவுக்கு வருவது அகராதியோ நூற்பட்டியோ அன்று. உலகத் தமிழாராய்ச்சி மாநாடே. 1964 ஜனவரியில் புது டில்லியில் கீழ்த்திசை அறிஞர் மாநாடு நடந்தபோது உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது. பிரெஞ்சுப் பேராசிரியர் ழான் பிலியோசா தலைவராகவும், அடிகளாரும் செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபிலும் செயலாளர்களாகவும் அமைந்தனர். அதன் முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் கூடியது. பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் திறந்துவைத்தார். மாநாட்டுக் கட்டுரைகள் 1968இலும் 1969இலுமாக இரண்டு தொகுதிகளாய் வெளிவந்தன. அதன்பின் மாநாடு சென்னைக்கும் பாரிசுக்கும் யாழ்ப்பாணத்திற்கும் மதுரைக்கும் சென்றது. கோலாலம்பூருக்கும் 1987, 2015, 2023 ஆகிய ஆண்டுகளில் மீண்டு வந்தது. நான்கு முறை இம்மாநாட்டிற்கு இடங்கொடுத்த நகரம் வேறில்லை என்று மலேசியத் தமிழர் பெருமை கொள்ளலாம்.

பெருமை ஒருபுறம் இருக்க, குறையையும் சொல்ல வேண்டும். 1966இன் கோலாலம்பூரில் மாநாடும் பட்டறையும் சேர்ந்தே இருந்தன. அகராதியும் நூற்பட்டியும் கிளைமொழி ஆராய்ச்சியும் வெளிவந்த அதே ஆண்டில்தான் மாநாடும் கூடியது. அன்றாடம் நடந்த வேலையின் விளைச்சலை உலகுக்குக் காட்டிய அறுவடை விழா அது. பின்வந்தோர் விழாவைக் கைவிடாமற் போற்றினர். வயலை அவ்வளவு கருத்தாகப் போற்றினார் என்று சொல்வதற்கில்லை. 1969இல் அடிகளார் பல்கலைக் கழகப் பணியிலிருந்து விலகினார். மன்றத்தின் ஆய்விதழ் பின்னர்ச் சென்னையிலுள்ள உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் பொறுப்பிற்குச் சென்றது. துறை நிலைத்தது; மாணவர் பயின்றனர்; பட்டங்கள் வழங்கப்பட்டன. ஆயினும், ஓர் அறிஞரின் ஆற்றலால் இயங்கிய பட்டறை, அவர் சென்றபின்னும் தானே இயங்கத்தக்க நிலையான ஆய்வுப் பதவிகளோடு அமைக்கப்பட்டதா? அடிகளாரின் திட்டத்திலேயே இக்குறை இருந்தது எனல் தகும். மாநாட்டிற்கு விதிகளும் செயற்குழுவும் அமைத்தவர், இளம் ஆராய்ச்சியாளரின் பதவிக்கு அத்தகைய நிலைபேற்றை அமைக்கவில்லை.

மாநாடு வீண் என்பது இதன் பொருளன்று. தோட்டப்புறத்து ஆசிரியர் ஒருவர் பாரிசிலிருந்து வந்த பேராசிரியரைக் கண்டு பேசுவதற்கு மாநாடே வழி செய்கிறது. பொதுமக்கள் ஆராய்ச்சியின் பெயரைக் கேட்பதும் அங்கேதான். ஆனால் மாநாட்டில் வாசிக்கப்படும் கட்டுரைக்கு இருபது நிமிடம் கிடைக்கும். அக்கட்டுரையை எழுத இரண்டு ஆண்டுகள் வேண்டும். இருபது நிமிடத்திற்கு மண்டபமும் விருந்தும் மலரும் ஏற்பாடு செய்யும் சமுதாயம், இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு மேசையும் ஊதியமும் ஏற்பாடு செய்யத் தயங்குகிறது. தேர்த் திருநாளில் வடம் பிடிக்க ஆயிரம் கைகள் உண்டு. மறுநாள் அச்சாணிக்கு எண்ணெயிட ஒரு கை இல்லை.

தமிழுக்குப் பட்டறை புதிதன்று

பட்டமேலாய்வு என்னும் பெயர் வேண்டுமானால் மேனாட்டிலிருந்து வந்திருக்கலாம். பொருள் தமிழுக்குப் புதிதன்று. சென்னைப் பல்கலைக் கழகத் தமிழ்ப் பேரகராதியின் பணி 1913இல் தொடங்கி, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக அச்சேறியது. நூறாயிரத்திற்கு மேற்பட்ட சொற்கள் அதில் உள்ளன. அவ்வலுவலகத்தில் தலைமைத் தமிழ்ப் பண்டிதராய் இருந்தவர் மு. இராகவையங்கார். 1926இல் பதிப்பாசிரியராக வந்த ச. வையாபுரிப் பிள்ளை அதற்குமுன் வழக்கறிஞர். அகராதி முடிந்தபின் அவர் அதே பல்கலைக் கழகத்தின் தமிழ்த் துறைத் தலைவரானார். அவருடைய முடிவுகளை ஏற்பாரும் மறுப்பாரும் உண்டு. ஆனால் ஏடுகளையும் சொற்களையும் நாள்தோறும் ஒப்பிட்ட பத்தாண்டுப் பழக்கமே அவரை ஆராய்ச்சியாளராக்கியது என்பதை எவரும் மறுக்கார். பேரகராதி அலுவலகம் ஒரு நூலை மட்டும் செய்யவில்லை. நூல் செய்யத்தக்க மனிதர்களையும் செய்தது.

அண்மைக் காலத்திலும் சான்று உண்டு. ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நல்கையால் 2014 முதல் 2019 வரை நடைபெற்ற ‘நெட்தமிழ்’ என்னும் திட்டத்திற்கு ஹாம்பர்க் பல்கலைக் கழகத்து ஏவா வில்டன் தலைமை தாங்கினார். ஹாம்பர்க்கிலும் புதுச்சேரியிலும் இளைய ஆராய்ச்சியாளரும் முதிர்ந்த தமிழ்ப் பண்டிதரும் ஒருங்கிருந்து, சுவடிகளைப் படியெடுத்து, பழைய உரைகளை ஒப்பிட்டு வேலை செய்தனர். சென்னையிலுள்ள செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனமும் பட்டமேலாய்வுக்கு உதவித்தொகை வழங்கியுள்ளது. இவை தமிழாராய்ச்சியிலும் இப்பதவி பயன் தரும் என்பதைக் காட்டுகின்றன. ஐந்தாண்டுத் திட்டம் ஐந்தாண்டில் முடிந்துவிடும் என்னும் எச்சரிக்கையும் இவற்றுள் அடங்கியுள்ளது. திட்டம் முடிந்தபின் அதில் வளர்ந்தவருக்குக் கதவு எங்கே திறக்கிறது என்பதையும் முன்கூட்டியே எண்ணினால்தான் ஏற்பாடு முழுமை பெறும்.

பயிற்சி வகுப்பும் அளவுகோலும்

பல்கலைக் கழகங்கள் இன்று நடத்தும் தொழில் வளர்ச்சிப் பயிற்சிகள் பலவும் நன்மையே தருவன. தன்விவரக் குறிப்பை ஒழுங்காக எழுதத் தெரியாமல் நல்ல வாய்ப்பை இழந்த தமிழ்ப் பட்டதாரிகள் உண்டு. நல்கை விண்ணப்பம் எழுதுவது கீழான வேலை என்று எண்ணுவோரும் உண்டு, அவ்வெண்ணம் தவறு. ஓர் ஆய்வின் பயனைப் பிற துறையினர் விளங்கும்படி இரண்டு பக்கத்தில் எழுத முடியாதவருக்கு, அவ்வாய்வு தமக்கே தெளிவாக விளங்கியிருக்கிறதா என்பது ஐயம்.

எனினும், இப்பயிற்சிகளின் பின்னே நிற்கும் அளவுகோலை ஆராயாமல் விடலாகாது. ஸ்கோபஸ் போன்ற அட்டவணைகளில் இடம்பெற்ற இதழில் எத்தனை கட்டுரை வெளிவந்தது என்பதே பல இடங்களில் இளம் ஆராய்ச்சியாளரை அளக்கும் கோல். அவ்விதழ்களுட் பெரும்பாலானவை ஆங்கில இதழ்கள். தமிழில் எழுதப்பட்ட ஆராய்ச்சிக்கு அங்கே இடம் மிகக் குறைவு. ஓர் அகராதியைப் பதிப்பித்தலும், ஒரு நூற்பட்டியைத் தொகுத்தலும், நூறு ஆண்டு இதழ்களுக்கு அட்டவணை செய்தலும் அக்கோலுக்கு எட்டா. 1966இல் அடிகளாரும் இராம சுப்பையாவும் செய்த வேலையை இன்று ஓர் இளைஞர் செய்தால், மதிப்பீட்டுப் படிவத்தில் அவருக்கு எத்தனை புள்ளி கிடைக்கும்? துறைகளின் அடித்தளமாகும் வேலை, தொழிலுயர்வுக்குத் தடையாகிவிடுகிறது.

இக்குறையைச் சுட்டுவோர் தமிழர் மட்டும் அல்லர். 2015இல் அறிஞர் சிலர் வெளியிட்ட ‘லெய்டன் அறிக்கை’ ஆய்வை அளப்பதற்குப் பத்து நெறிகளை வகுத்தது. அந்தந்த நாட்டிற்கும் மொழிக்கும் பயன்படும் ஆராய்ச்சியின் சிறப்பைக் காக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. தமிழ்த் துறையினர் பல்கலைக் கழக ஆட்சியினரிடம் எடுத்துச் செல்லத்தக்க வாதம் இது. சலுகை கேட்பது போலன்றி, உலக அறிஞர் ஒப்புக்கொண்ட நெறியைக் கடைப்பிடிக்குமாறு கேட்பதாக அது அமையும். அதே வேளையில், தமிழில் எழுதியதாலேயே ஒரு கட்டுரை சிறந்ததாகிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிறர் சரிபாராத கட்டுரையை மாநாட்டு மலரில் அச்சிட்டு அதனை ஆராய்ச்சி எனக் கணக்கிடும் வழக்கம் நீடிக்கும்வரை, அளவுகோலைக் குறைகூறும் தகுதி குறைந்தே இருக்கும்.

செய்யத்தக்கவை

இந்நாட்டில் இளம் டாக்டர்களுக்கு ஏற்ற வேலைகள் குவிந்து கிடக்கின்றன. ‘தமிழ் நேசன்’ 1924இல் தோன்றி 2019இல் நின்றது. தொண்ணூற்றைந்து ஆண்டுகளாக அதில் வந்த கதை, கவிதை, கடிதம், விளம்பரம் யாவற்றுக்கும் பொருளட்டவணை செய்தல் ஒருவர் வாழ்நாள் வேலை. அதில் ஒரு பத்தாண்டுப் பகுதி ஒரு பட்டமேலாய்வாளருக்கு ஈராண்டு வேலை. ‘தமிழ் மலேசியானா’வை 1969க்குப் பின் வந்த நூல்களோடு சேர்த்து இன்றைய நாள்வரை நீட்டலாம். கீழ்ப் பேராக்கிற் செய்த கிளைமொழி ஆராய்ச்சியைக் கிள்ளானுக்கும் கெடாவுக்கும் விரிக்கலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகருக்கு வந்துவிட்ட இந்நாளில், தோட்டத்துத் தமிழைப் பேசும் முதியோர் ஆண்டுக்காண்டு குறைகின்றனர். அவ்வேலைக்குக் காலம் காத்திராது.

இவ்வேலைகளைப் பதவியாக்க நான்கு செயல்கள் தேவை. முதலாவது, ஓராண்டு ஒப்பந்தத்தைத் தவிர்த்து, ஒரு கருவிநூல் முடியுமளவும், குறைந்தது மூன்றாண்டு நீளும் பதவிகளை ஏற்படுத்தல். இரண்டாவது, மேற்பார்க்கும் பேராசிரியர் இளையவருக்கு என்ன கற்பிப்பார், எத்தனை நாட்களை அவருடைய சொந்த ஆய்வுக்கு விடுவார் என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் தருதல். அங்ஙனம் எழுதாத இடத்தில் பட்டமேலாய்வாளர், பேராசிரியரின் எழுத்தராகிவிடும் இடர் உண்டு. மூன்றாவது, டாக்டர் பட்டம் பெற்றுத் தமிழ்ப்பள்ளியிலும் இடைநிலைப் பள்ளியிலும் பணியாற்றும் ஆசிரியருக்கு ஓராண்டு ஆய்வு விடுப்புக் கிடைக்கச் செய்தல். வகுப்பறையில் ஆறு மணிநேரம் நின்று, மாலையில் பிள்ளைகளின் பயிற்சி ஏடுகளைத் திருத்தி, இரவில் ஆராய்பவரின் உழைப்பைப் பாராட்டுதல் எளிது. அவருக்கு ஒரு பகற்பொழுதைத் தருதலே உதவி. நான்காவது, பல்கலைக் கழகத்திற்கு வெளியேயுள்ள கதவுகளைத் திறத்தல். பாடநூலாக்கம், ஆவணக் காப்பகம், நூலகம், மொழிபெயர்ப்பு, வானொலி, பதிப்பகம் ஆகிய இடங்களில் ஆராயத் தெரிந்த ஒருவர் இருப்பது அவ்விடங்களுக்கும் நன்மை. விரிவுரையாளர் ஆகாத டாக்டர் தோற்றவர் என்ற எண்ணம் தமிழரிடையே மறைய வேண்டும்.

பணத்திற்கு எங்கே செல்வது என்ற கேள்வி உடனே எழும். அரசாங்கமும் பல்கலைக் கழகமும் தரவேண்டிய பங்கைத் தரவேண்டும். அதைக் கேட்டுப் பெறுவது கடமை. ஆனால் அதற்கெனக் காத்திருந்து காலங்கழித்தவர் அல்லர் இந்நாட்டுத் தமிழர். பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்த ஆசிரமம் 1904இல் தோன்றியது. கறுப்புக் கோட்டணிந்த இரயில்வே எழுத்தரும் அவரைப் போன்றோரும் வாழ்ந்த வட்டாரத்தில், பள்ளிகளையும் நடத்திய ஓர் அமைப்பு மக்கள் ஆதரவால் நிலைபெற்றது. தோட்டத் தொழிலாளர் தந்த சில்லறையும் சேர்ந்தே பல்கலைக் கழகத் துறைக்கு நூல்கள் வந்தன. அம்முன்னோரின் பேரப்பிள்ளைகள் இன்று பிள்ளைகளின் திருமணத்திற்கும் கோயில் குடமுழுக்குக்கும் மாநாட்டிற்கும் தாராளமாகச் செலவிடுகின்றனர். ஒவ்வொரு மாநாட்டுக் குழுவும் தன் வரவில் ஒரு பங்கை ஓர் ஆராய்ச்சியாளரின் மூன்றாண்டு ஊதியத்திற்கென முதலில் எடுத்துவைத்துவிட்டு, எஞ்சியதில் பந்தலிட்டால் என்ன? பந்தல் சற்றுச் சிறுத்துவிடலாம். அடுத்த மாநாட்டில் வாசிக்கத்தக்க ஒரு கட்டுரையாவது அதனால் கிடைக்கும்.

பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயர் செங்கற் சூளைகளால் வந்தது. 1880களில் கோலாலம்பூரின் அத்தாப்புக் குடிசைகள் தீக்கும் வெள்ளத்திற்கும் இரையானபின் நகரைச் செங்கல்லால் எழுப்ப முடிவாயிற்று. அதற்கு வேண்டிய கற்கள் இவ்வட்டாரத்திற் சுடப்பட்டன. சுட்ட கல்லைச் சூளையருகே அடுக்கி வைத்திருந்தால் நகரம் எழுந்திராது. அதனைச் சுமந்துசென்று சுவராக்கிய கைகளும் இருந்தமையாலேயே எழுந்தது. பல்கலைக் கழகங்கள் ஆண்டுதோறும் டாக்டர்களை உருவாக்கித் தருகின்றன; அவர்களுடைய ஆய்வேடுகள் நூலகத் தட்டுகளில் அடுக்கடுக்காய் உள்ளன. அவற்றைக் கொண்டு கட்டத் தொடங்கும் பொறுப்பு, பாராட்டுக் கூட்டத்தில் முன்வரிசையில் அமர்ந்து கைதட்டுவோருக்கும் உண்டு.